ஹம்ப்டாவின் மூன்றாம் இரவு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மலைநடை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. கல்லூரியில் படிக்கும் என் மகனும் நானும் வரும் ஜூலைக் கடைசியில் இமாசலத்தின் ஹம்ப்டா கணவாய்க்குப் போகிறோம். மணாலியில் ஒரு வழிகாட்டியையும் சுமைக்கு ஒரு கோவேறு கழுதையையும் ஏற்பாடு செய்துவிட்டோம். கூடாரம் இருக்கிறது. வாங்க வேண்டியது ஸ்லீப்பிங் பேக் என்ற உறக்கப் பை மட்டும். குழப்பமும் அதில்தான்.

கடையில் செயற்கை இழைப் பை ஒன்றைக் காட்டினார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘மைனஸ் 15’ என்று இருக்கிறது. “மைனஸ் 15 தாங்கும் பைக்கு ஜூலை மாதக் குளிர் எம்மாத்திரம்?” என்கிறார் கடைக்காரர். மகனோ வாத்து இறகுப் பைதான் வேண்டும் என்று நிற்கிறான். எடை குறைவுதான், ஆனால் விலை மூன்று மடங்கு. சென்ற ஆண்டு மூணாறு பக்கம் மழையில் கூடாரத்தில் தங்கியபோது வாடகைப் பை ஈரமாகி, விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த பயத்தில், தண்ணீரே புகாத வெளித்துணி கொண்ட பையாகப் பார்த்து வாங்கலாமா என்றும் தோன்றுகிறது. இல்லை, மணாலியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதுமா?

அன்புடன்,
ம., திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் செயற்கை இழைப் பையே வாங்குங்கள். ஆனால் அந்த ‘மைனஸ் 15’ பையை வாங்காதீர்கள். தண்ணீர் புகாத வெளித்துணி வேண்டாம். ஏன் என்பதை உங்கள் வழித்தடத்தை வைத்தே சொல்கிறேன். வேறொரு மலைக்கு, வேறொரு மாதத்தில் போவதாக இருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

ஹம்ப்டா கணவாய் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் குல்லு, மறுபக்கம் லாஹௌல். பருவமழை மேகங்கள் குல்லுப் பக்கத்து மலைகளில் முட்டிக் கொட்டித் தீர்த்துவிடுவதால் அந்தப் பக்கம் புல்லும் பூவும் பைன் மரங்களுமாகப் பச்சையாக இருக்கும். கணவாயைத் தாண்டினால் லாஹௌல் மழைமறைவுப் பகுதி, கல்லும் மணலும். நீங்கள் ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, வழக்கமான திட்டப்படி முதல் இரவு சிக்காவிலும் இரண்டாம் இரவு சுமார் 3,600 மீட்டரில் இருக்கும் பாலு கா கேராவிலும் தங்குவீர்கள். இரண்டுமே மழைப்பக்கம். ஜூலைக் கடைசியில் அங்கே நாள் முழுவதும் தூறல் இருந்தால் வியக்க வேண்டியதில்லை. மறுநாள் கணவாயைக் கடந்து செங்குத்தாக இறங்கி ஷியா கோருவில் கூடாரம் அடிப்பீர்கள். அது ஏறக்குறைய 3,900 மீட்டர். ஆற்றை ஒட்டிய திறந்த வெளி, காற்று அதிகம். நடையின் மிகக் குளிரான இரவு பெரும்பாலும் அதுதான். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி வரக்கூடும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஈரமான இரண்டு இரவுகளுக்குப் பிறகு குளிரான இரவு வருகிறது. இரண்டு நாள் ஈரத்தைக் குடித்த பையோடுதான் மூன்றாம் இரவை எதிர்கொள்ளப்போகிறீர்கள். கடையில் உலர்ந்து உப்பிக் கிடக்கும் பை அந்த இரவில் எப்படி இருக்கும் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பை நமக்குச் சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூட்டை வெளியேறாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. பிடித்துவைப்பது இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்தால் பை எத்தனை தடிமனாக இருந்தும் பயனில்லை. உங்கள் மகன் கேட்கும் இறகுப் பைக்குள் இருப்பது தூவி எனும் மென்னிறகு. வாத்துத் தூவியின் சிக்கல் இங்கேதான். உலர்ந்திருக்கும்வரை அதற்கு இணையான பொருள் இல்லை. ஒரே எடைக்கு அதைப்போல் உப்பி நின்று காற்றைப் பிடிக்கும் செயற்கை இழை இன்னும் வரவில்லை. ஒழுங்காகப் பேணினால் இருபது வருடம்கூட உழைக்கும். உங்கள் மகன் சொல்வதில் பிழையே இல்லை. ஆனால் ஈரம் பட்டால் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நனைந்த இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மூலையில் கட்டி, மற்ற இடத்தில் வெறும் துணி. மழைக்கால மலையில் அதை மறுபடி உலர்த்தவும் வழியில்லை. பல மணி நேரம் நல்ல வெயில் வேண்டும், கட்டிகளைக் கையால் உதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செயற்கை இழைப் பையில் இருக்கும் பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதில்லை. நனைந்தாலும் இழையின் விறைப்பு பெரும்பகுதி அப்படியே இருக்கும். பிழிந்து உதறிக் காற்றில் பிடித்தால் ஓரளவு மீண்டுவிடும். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக ப்ரைமாலாஃப்ட் என்ற இழையை உருவாக்கியதே நனைந்தால் கைவிடாத ஒரு மாற்று, தூவிக்கு வேண்டும் என்பதற்காகத்தான். ‘செயற்கை இழை நனைந்தாலும் சூடாக இருக்கும்’ என்று விற்பனையில் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். நனைந்த எந்தப் பையும் குளிரும். செயற்கை இழைப் பை கொஞ்சம் குறைவாகக் குளிரும், சீக்கிரம் உலரும். உங்களுக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான். நீர் ஒட்டாத பூச்சு ஏற்றிய தூவியும் இப்போது கிடைக்கிறது. அது ஈரமாவதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. விலையோ இன்னும் கூடுதல். செயற்கை இழையின் குறை எடையும் பருமனும். சில வருடங்களில் நசுங்கியும் போகும். ஆனால் உங்கள் சுமையைக் கோவேறு கழுதை அல்லவா தூக்கப்போகிறது! அரைக் கிலோ, ஒரு கிலோ மிச்சத்துக்காக மூன்று மடங்கு கொடுக்க வேண்டியதில்லை.

இனி எண்கள். இதில்தான் நம் ஊர்க் கடைகள்மேல் எனக்குக் கோபம். பைகளைச் சோதிக்க ஐரோப்பாவில் 2002-ல் இஎன் 13537 என்ற தரமுறை வந்தது. இப்போது அது ஐஎஸ்ஓ 23537. உடம்பைப்போல் சூடாகும் ஒரு பொம்மைக்கு உள்ளாடை அணிவித்து, பைக்குள் வைத்து, அடியில் மேட் விரித்து அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் இயல்பாகப் படுத்து நடுங்காமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ உறங்கிவிடக்கூடியது. எக்ஸ்ட்ரீம் என்பது உறக்கத்தைப் பற்றியதே அல்ல. அந்தக் குளிரில் ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருக்கலாம் என்ற கணக்கு; உடல் வெப்பம் ஆபத்தாகக் குறையும் அபாயம் அதற்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15 உள்ள பைகளின் கம்ஃபர்ட் எண் பெரும்பாலும் பிளஸ் 5 அளவில்தான் இருக்கும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு ஜூலைக் குளிர் எம்மாத்திரம் என்று கேட்பது சரியான வணிகமல்ல. ஷியா கோருவில் அந்தப் பைக்குள் நீங்கள் இன்னொரு மூணாறு இரவைத்தான் காண்பீர்கள். பையின் உள்பக்கத் தையலில் சின்னத் துணிச் சீட்டு இருக்கும், அதில் மூன்று எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண் மட்டும். மைனஸ் 3 அல்லது மைனஸ் 5 என்று இருக்கட்டும். பூஜ்ஜியம் போதாதா என்றால், சோதனையில் வைத்தது புத்தம் புதிய, நன்றாக உலர்ந்த பை. இரண்டு மழை இரவுகளுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜூலையில் அந்தப் பக்கத்து மழையில் சாலைகள் அறுந்து, ஹம்ப்டா நடையை முடித்தவர்கள் வழக்கமாகப் போய்ப் பார்க்கும் சந்திரதால் ஏரியருகே இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பனியும் பெய்தது. திட்டமிட்ட இரவுகளுக்கு மட்டும் அளவெடுத்து வாங்கும் இடமல்ல அது. மகன் இளைஞன், லிமிட் எண் போதும் என்பான். நாள் முழுக்க நனைந்து நடந்து களைத்த உடம்புக்கு வயது பெரிய உதவி செய்யாது. அவனுக்கும் அதே எண்ணுள்ள பைதான். உயரமானவன் என்றால் நீளமான அளவு கேளுங்கள். பாதம் அடித்துணியில் முட்டினால் அந்த இடத்தில் இழை நசுங்கி விரல்கள் விறைக்கும். தலைமூடியும் கழுத்தைச் சுற்றி இறுக்கும் பட்டியும், ஜிப்பின் உள்பக்கம் தடித்த மடிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும்.

தண்ணீர் புகாத வெளித்துணி ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய பயணத்தைச் சொல்கிறேன். 1911-ல், அண்டார்டிக் குளிர்காலத்தின் முழு இருட்டில், தென் துருவத்தை அடையச் சென்ற ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி காரார்டு மூவரும் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி க்ரோசியர் முனைக்கு நடந்தார்கள். வெப்பநிலை மைனஸ் 60-ஐத் தொட்டது. மழை கிடையாது, உருகிய பனியும் கிடையாது. வெளியிலிருந்து ஒரு துளி நீர் வர வழியில்லை. ஆனாலும் ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது அவர்களுடைய கலைமான் தோல் பைகளின் எடை இரு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. பெரும்பகுதி அவர்களுடைய வியர்வையும் மூச்சும் உறைந்த பனிக்கட்டி. ஒவ்வோர் இரவும் பலகையாக இறுகிக் கிடந்த பைக்குள் கால்களை நுழைக்கவே படாத பாடுபட்டார்கள்.

உறங்கும் உடம்பு இரவெல்லாம் நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அது பையின் துணியைத் தாண்டிப் போக வேண்டும். வெளித்துணி நீரை அடைத்தால் ஆவியையும் பெரும்பாலும் அடைக்கும். விடியும்போது இழை உள்ளிருந்தே நனைந்திருக்கும். மூணாறில் உங்கள் பை எப்படி ஈரமாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. கூடாரம் ஒழுகியதா, அல்லது மழைக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் இறுக மூடினீர்களா? இரண்டாவதாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். மூடிய கூடாரத்தில் இரண்டு பேரின் மூச்சு உள்துணியில் நீராகப் படிந்து சொட்டும், பையின் கால்மாடு அதில் உரசிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மழையானாலும் மேல் ஜன்னலைத் திறந்துவையுங்கள். குளிருக்கு முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். தலைமூடியை இறுக்கி மூக்கையும் வாயையும் மட்டும் வெளியே விடுங்கள். ஈரமான காலுறையையும் சட்டையையும் பைக்குள் போட்டு உடம்புச் சூட்டில் உலர்த்தலாம் என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள். அந்த ஈரம் பையின் இழைக்குத்தான் போகும், வேண்டாம். உறங்குவதற்கென்றே ஒரு முழு உடுப்பும் கம்பளிக் காலுறையும் தனியாக வையுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அவற்றைத் தொடாதீர்கள்.

பகலில் பையைக் காப்பது வேறு வேலை. முதுகுப்பையின் மழை உறையை நம்ப முடியாது, முதுகுப்பக்கமாக நீர் வழிந்து இறங்கிவிடும். கோவேறு கழுதை ஓடையில் இறங்கும்போது மூட்டை நனையாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஷியா கோருவுக்குப் பக்கத்திலேயே முழங்கால் ஆழத்தில் ஓடை கடக்க வேண்டியிருக்கும். பையை முதலில் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, பிறகு டிரை பேக் என்று விற்கும் உருட்டி மூடும் பையில் வையுங்கள். செலவு அதிகமில்லை. தூவியா செயற்கை இழையா என்ற கேள்வியைவிட எனக்கு இது முக்கியம்.

மேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. படுத்தால் உடம்பின் எடையில் அடிப்பக்கத்து இழை நசுங்கிவிடும், கீழிருந்து வரும் குளிருக்குப் பை ஒன்றும் செய்யாது. ஆளுக்கு இரண்டு ஃபோம் மேட் எடுத்துச்செல்லுங்கள். மேட்டுகள் குளிரைத் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். நல்ல ஃபோம் மேட்டுக்கு அது 2 அளவில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் கூட்டிக்கொள்ளலாம், ஆக 4. ஃபோம் நீரைக் குடிக்காது, ஓட்டை விழுந்தாலும் கெடாது. காற்றடைக்கும் மேட் சொகுசானது. மழையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை இருக்குமா தெரியவில்லை. ஜமுக்காளத்தையோ பருத்திப் போர்வையையோ விரிக்க எடுத்துப்போகாதீர்கள்.

மணாலி வாடகைப் பை, பணம் நெருக்கடி என்றால் மட்டும். பல பேர் பல பருவம் உறங்கி நசுங்கிய இழை அது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடையிலேயே பிரித்து உதறி விரித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பி எழாத பையைத் திருப்பிக் கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை விலகி மெலிந்த இடங்கள் தெரியும்.

கணவாயைக் கடந்தபின் வானம் பெரும்பாலும் வெளுக்கும். ஷியா கோருவில் கூடாரம் அடித்ததும், தேநீருக்கும் முன்னால், பைகளை உட்புறம் வெளியாகத் திருப்பிக் காற்றில் விரியுங்கள். லாஹௌலின் வறண்ட காற்று ஒரு மணி நேரத்தில் நிறைய வேலை செய்துவிடும். அடுத்துத் தங்கும் சத்ருவிலும் அப்படியே. ஊர் திரும்பியதும் இறுக்கிக் கட்டியபடியே பரணில் போட்டுவிடாதீர்கள். அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பள்ளி விடுமுறை இடம்கொடுத்து நடையைச் செப்டம்பர் பின்பாதிக்குத் தள்ள முடியும் என்றால் இன்னொரு கடிதம் எழுதுங்கள். அப்போது மழை விலகிவிடும், குளிர் கூடும். அந்த மாதத்துக்கு உங்கள் மகன் கேட்கும் தூவிப் பையைத்தான் நானும் சொல்வேன்.

அன்புடன்.