போன் ஒட்டுக்கேட்பு: கேள்வி பதில்

கே: போலீஸ் நினைத்தால் யார் போனையும் ஒட்டுக்கேட்கலாமா?

ப: முடியாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவில் இரண்டு படி. முதலில் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரியான காரணங்கள். 'புலனாய்வுக்குத் தேவை' என்று ஒற்றை வரி எழுதினால் நிற்காது. மாநிலத்தில் கையெழுத்து உள்துறைச் செயலாளருடையது. ஒரு உத்தரவுக்கு ஆயுள் 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180.

கே: அவசரம் என்றால்?

ப: ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரி உத்தரவிடலாம். 3 வேலைநாளில் செயலாளருக்குப் போக வேண்டும், 7 வேலைநாளில் ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால் ஒட்டுக்கேட்பை நிறுத்தியாக வேண்டும், பதிவும் சாட்சியத்துக்கு ஆகாது. கோப்பு கிடைத்தால் தேதிகளைத்தான் முதலில் பாருங்கள்.

கே: மனைவி என் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருக்கிறார்.

ப: இது அரசுக் கண்காணிப்பு அல்ல. குடும்பநல வழக்கறிஞரிடம் போங்கள்.

கே: முறைகேடாக எடுத்த பதிவும் செல்லும் என்று 1972 மல்கானி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு விதி எதற்கு?

ப: பாதிதான் சரி. அங்கே ரெக்கார்டரைப் பொருத்தியது பேசியவரில் ஒருவரின் சம்மதத்தோடு. இரண்டு பக்கமும் தெரியாமல் கேட்பது வேறு. தவிர, 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட 45 வருஷம் முந்தைய தீர்ப்பு அது. 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் போட்ட உத்தரவை ரத்து செய்தது. பொதுப் பாதுகாப்புக்கு அங்கே வேலையில்லை, பதிவும் உரிய காலத்தில், ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்குப் போகவில்லை.

கே: ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னதே?

ப: ஆமாம், அதற்கு முந்தைய மாதம்தான் டெல்லி உயர் நீதிமன்றம் பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைத் தொடலாம் என்றது. உச்ச நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். 'எப்படி எடுத்தாலும் செல்லும்' என்று அடித்துப் பேசாதீர்கள்.

கே: நீதிபதி அனுமதி வேண்டாமா?

ப: ஓட்டை அங்கேதான். 1996-இல் தீர்ப்பான வழக்கில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு அதைத்தான் கேட்டது. சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. இன்றும் மாநில மறுஆய்வுக் குழுவில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர். கையெழுத்திட்டவரின் கோப்பை அடுத்த அறைக்காரர் சரிபார்க்கிறார். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒப்பினால்தான் செல்லும். இங்கேயும் குழுவில் ஒரு நீதிபதியாவது உட்கார வேண்டும் என்பது என் கட்சி.

கே: இன்ஸ்பெக்டரே டேப் செய்யலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: யாரோடு பேசினேன் என்ற பட்டியல், சி.டி.ஆர்.?

ப: அது ஒட்டுக்கேட்பு அல்ல, பேச்சு அதில் இருக்காது. மேலே சொன்ன கெடு, மறுஆய்வு எதுவும் அதற்கு இல்லை.

கே: சப்-இன்ஸ்பெக்டர் டேப் செய்யலாமா?

ப: முதல் பதில்.