மேடைக்கு முன்னால் நின்றும் பாட்டு கேட்கவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 46. ராக் இசையைப் பல வருடங்களாக ஹெட்ஃபோனில்தான் கேட்டு வருகிறேன். சென்ற வருடம் முதல்முறையாக ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்குப் போனேன். சீக்கிரமே போய், மேடைத் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தும் பாடகரின் குரல் சரியாகவே கேட்கவில்லை. டிரம்ஸ் இடியும் பாஸ் அதிர்வும்தான். மறுநாள் முழுக்கக் காதில் ‘ஙொய்’ என்று ஒரே இரைச்சல். இப்போது கல்லூரியில் படிக்கும் மகள், வார இறுதியில் நடக்கும் மூன்று நாள் ராக் விழாவுக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறாள். மூன்று மேடைகள், நாற்பதுக்கும் மேற்பட்ட பேண்டுகள். அவளுக்குக் கூட்டத்தின் நடுவில் குதித்து ஆட வேண்டும். எனக்குப் பாட்டு காதில் விழ வேண்டும். எங்கே நிற்பது? யாரை விடுவது? இரண்டாம் நாள் இரவு எனக்குப் பிடித்த இரண்டு பேண்டுகளும் வேறு வேறு மேடைகளில் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். பாதி பாதியாகப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குரல் கேட்காமல் போனதற்கு உங்கள் காதும் காரணமில்லை, பாடகரும் காரணமில்லை. நீங்கள் நின்ற இடம்தான் காரணம். அத்தனை நேரம் காத்திருந்து பிடித்த இடத்தில்தான் ஒலி மோசமாக இருந்தது என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்தவெளி மேடைகளின் அமைப்பே அப்படி.

குரலைக் கூட்டத்துக்குக் கொண்டுவருபவை மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகள். அவை மைதானத்தின் நடுவையும் பின்பகுதியையும் பார்த்துத் திருப்பப்பட்டிருக்கும். தடுப்பை ஒட்டி நிற்பவரின் தலைக்கு மேலே அந்த ஒலி கடந்து போய்விடும். பாஸ் ஒலிக்கான சப்வூஃபர்களோ தரையில், பெரும்பாலும் தடுப்புக்கு நேர் எதிரே அடுக்கப்பட்டிருக்கும். மேடையில் இருக்கும் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களும் எந்த உதவியும் இல்லாமலே முன்வரிசை வரை கேட்கும். மனிதக் குரலுக்கு அந்த பலம் கிடையாது. மைக் வழியாக ஸ்பீக்கருக்குப் போய்த்தான் அது நம்மிடம் வர வேண்டும். முன்வரிசைக்கென்று மேடை விளிம்பில் சில சிறிய ஸ்பீக்கர்கள் வைப்பார்கள். பக்கத்திலேயே முழங்கும் சப்வூஃபர்களோடு அவை போட்டிபோட முடியாமல் திணறுவதுதான் வழக்கம். ஆகவே உங்களுக்குக் கிடைத்தது டிரம்ஸும் பாஸும் மட்டும்.

நல்ல ஒலி வேண்டுமென்றால் முதலில் மிக்ஸிங் டெஸ்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில், சுற்றிலும் தடுப்பு போட்ட ஒரு கூடாரம். மேடையின் அளவைப் பொறுத்து 25 முதல் 50 மீட்டர் வரை தள்ளி இருக்கும். ஒலிப்பொறியாளர் அங்கே நின்று, தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒவ்வொரு கருவியையும் குரலையும் ஏற்றி இறக்குகிறார். அவருக்குக் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்க வேண்டும் என்றால், அந்தக் கூடாரத்துக்கு முன்னால் அல்லது பக்கவாட்டில் நில்லுங்கள். மூன்று நாள் நிற்கப் போகும் கால்களுக்குச் சாய்ந்துகொள்ள அந்தத் தடுப்பு பெரிய உதவி. கூடாரத்துக்கு நேர் பின்னால் வேண்டாம். பார்வையும் மறையும், ஆட்கள் போய் வந்துகொண்டே இருப்பார்கள்.

அங்கே நின்றும் பாஸ் மட்டும் நெஞ்சை அடைக்கிறதா? பல மேடைகளில் சப்வூஃபர்களை இடம், வலம் என்று இரண்டு குவியலாக வைத்திருப்பார்கள். இரண்டின் ஒலியும் சரியாக ஒன்றுசேர்வது மைதானத்தின் நடுக்கோட்டில். அந்தக் கோட்டில் பாஸ் தூக்கலாக இருக்கும். நான்கைந்து மீட்டர் விலகினால் குறையும், இன்னும் தள்ளினால் சில சுரங்களே காணாமல் போகும். அதனால் முதல் பாட்டின்போதே கொஞ்சம் இடவலமாக நகர்ந்து பார்த்து, குரலும் பாஸும் சமமாகக் கேட்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் காட்சி மட்டுமல்ல, சிம்பலின் கூர்மையும் பாட்டின் மெய்யெழுத்துகளும் மங்கிவிடும். உச்ச ஒலிகள் தடையைச் சுற்றி வளைந்து வருவதில்லை. காற்று பலமாக வீசும்போது குரல் வந்து வந்து போவதும் இயல்பே. அப்போது பத்து இருபது மீட்டர் முன்னே போவதைத் தவிர வேறு வழியில்லை.

தொலைவில் நின்றால் இன்னொன்றும் கவனிப்பீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்மரின் குச்சி விழுவது முதலில் தெரியும், அடி கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துக் கேட்கும். பெரிய மைதானங்களில் பின்கூட்டத்துக்காகத் தனி ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, முன்னாலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அவற்றின் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்துவார்கள். அந்தக் கோபுரத்தின் பக்கவாட்டில் நின்றால் இரண்டும் பிசிறித் தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் போய்விடுங்கள், தெளிவாக இருக்கும்.

முதல் பாட்டை வைத்து எந்த பேண்டையும் எடைபோடாதீர்கள். தனிக் கச்சேரி என்றால் மாலையிலேயே நிதானமாக சவுண்ட் செக், அதாவது எல்லாக் கருவிகளையும் சேர்த்து வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது, நடக்கும். விழாவில் பெரும்பாலான பேண்டுகளுக்கு அது கிடையாது. முந்தைய பேண்ட் இறங்கி அடுத்தது ஏற 20, 30 நிமிடம்தான் இடைவெளி. அதற்குள் டிரம்ஸ் மேடையை உருட்டிக் கொண்டுவந்து, மைக்குகளை மாட்டி, லைன் செக் மட்டும் முடிப்பார்கள். அதை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள். கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் டிரம்மரின் இடத்தில் உட்கார்ந்து கிக் டிரம்மை மட்டும் ஒரே சீராக உதைப்பார். மிக்ஸிங் டெஸ்க்கிலிருந்து சைகை வந்ததும் ஸ்நேர், பிறகு டாம்கள், பிறகு பாஸ், கிட்டார் என்று ஒவ்வொன்றாக வரும். ஒலி வந்து சேருகிறதா என்பதற்கு மட்டும்தான் அந்தச் சோதனை. எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது முதல் பாட்டில்தான் பொறியாளருக்கே தெரியவரும். குரல் அமுங்கிக் கிடந்து, இரண்டாம் பாட்டின் பாதியில் மேலே எழும். எந்த பேண்டுக்கும் மூன்று பாட்டாவது கொடுங்கள்.

அடுத்து காது. இதில் சமரசமே வேண்டாம். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலை உச்சவரம்பு என்கிறது. விழா மைதானத்தில் அந்த அளவை ஒட்டிய ஒலியில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். கணக்கைப் பார்த்தாலே புரியும்.

இசைக்கென்றே செய்யப்பட்ட இயர் பிளக் வாங்குங்கள், இருவருக்கும். சாதாரண ஃபோம் பிளக் உச்ச ஒலிகளை அதிகமாகவும் பாஸைக் குறைவாகவும் தடுக்கும். அதனால் தலையணைக்கு அடியில் பாட்டு ஓடுவது போல இருக்கும். ஃபில்டர் வைத்த பிளக் எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் இறங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் டெசிபல் முழுதாகக் கிடைக்காது. 15 கிடைத்தாலே 100 டெசிபல் 85 ஆகிவிடும். அவசரத்துக்கு ஃபோம் தான் கிடைத்தது என்றால் அதையாவது சரியாகப் போடுங்கள். விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரியும் வரை 20, 30 நொடி விரல் நுனியால் பிடித்திருங்கள். பலர் வெறுமனே காது வாசலில் செருகிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். செட், அதாவது ஒரு பேண்ட் மேடையில் வாசிக்கும் முழு நேரம், தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காது வலித்த பிறகு போடுவது தாமதம். நண்பரிடம் பேச நடுவில் கழற்றுவதும் கூடாது. ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் அமைதியான ஒரு மூலையில் கால் மணி நேரமாவது உட்காருங்கள். சென்ற முறை வந்த இரைச்சல், காதின் உணர்செல்கள் களைத்துப்போனதன் அடையாளம். அது அடங்கினாலும் சேதம் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த முறை இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போக வேண்டும்.

நாற்பது பேண்டுகளையும் பார்க்க நினைத்தால் ஒன்றையும் கேட்க மாட்டீர்கள். விழாவுக்கு முன் ஒவ்வொரு பேண்டிலும் இரண்டு பாட்டு, அதில் ஒன்றாவது நேரடிப் பதிவு, கேட்டுவிடுங்கள். ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டிய ஒலியை நான்கு பேர் மேடையில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். பிறகு ஒரு நாளுக்கு மூன்று பேண்டுகளை முழு செட்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் காலியாகவே இருக்கட்டும். மதிய வேளையில் சின்ன மேடைப் பக்கம் கட்டாயம் போங்கள். 30, 40 நிமிட செட், கூட்டம் இருக்காது, ஐந்து மீட்டரில் நிற்கலாம். பாஸ் வாசிப்பவரின் கண் டிரம்மரின் வலது காலை எப்படித் தொடர்கிறது, பல்லவிக்குள் நுழையும் அந்த நொடியில் கிட்டார்காரரின் கால் எந்த பெடலை மிதிக்கிறது என்பதெல்லாம் பெரிய மேடையில் கிடைக்காத காட்சிகள். இளம் பேண்டுகள் அந்த அரை மணி நேரத்தில் உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள். விழாவில் மிகச் சிறந்த செட் பிற்பகல் மூன்று மணிக்கே நடந்து முடிந்துவிடுவதும் உண்டு.

அட்டவணை தள்ளிப்போவதும் சகஜம், முக்கியமாக மழை வந்தால். 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவின் நிறைவாக ஞாயிறு இரவு வர வேண்டிய கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், திங்கள் காலையில்தான் மேடை ஏறினார். கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. விழாவின் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். கடைசி நாள் திரும்பும் பயணத்தை நெருக்கிப் பிடித்துப் பதிவு செய்யாதீர்கள்.

மகளைத் தடுக்க வேண்டாம், தயார்படுத்தி அனுப்புங்கள். மூடிய, பழகிய ஷூ, லேஸ் இரட்டை முடிச்சு. கழுத்தில் சங்கிலி, தோளில் பை கூடாது. கூட்டத்தின் நடுவில் முட்டி மோதி ஆடும் வட்டமான மாஷ் பிட்டில் யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவார்கள், அவளும் அதைச் செய்ய வேண்டும். ஆட விருப்பமில்லாதவர்கள் அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நிற்பது நல்லது.

பிட்டை விட ஆபத்து, அசையவே இடமில்லாத நெரிசல். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை தாங்கும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்கும். ஆறேழு பேரானால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும். யார் நினைத்தாலும் நிற்க முடியாது. 2000-ஆம் ஆண்டு டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் மேடைக்கு முன்னால் ஒன்பது பேர் இறந்தது இப்படித்தான். 2021-இல் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் பத்துப் பேர். இத்தகைய நெரிசலில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது மிதிபடுவதல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டுவது. மகளிடம் ஒரு சோதனையைச் சொல்லி வையுங்கள்: கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால், அல்லது தன் விருப்பமில்லாமல் உடல் ஆடினால், எந்தப் பாட்டாக இருந்தாலும் அங்கிருந்து வெளியேற வேண்டும். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளட்டும். கால்களை முன்பின்னாக ஊன்றட்டும். அலையை எதிர்த்துத் தள்ளக் கூடாது. அது ஓயும் நொடியில் குறுக்காகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கீழே விழுந்த போனுக்காகக் குனியவே கூடாது. முன்வரிசையில் மாட்டிக்கொண்டால் கையை உயர்த்திக் காவலரை அழைக்கலாம். தடுப்புக்கு மேலாகத் தூக்கி எடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

தண்ணீரைத் தாகம் வரும் முன் சிறிது சிறிதாகக் குடியுங்கள், உப்புள்ள எதையாவது இடையில் சாப்பிடுங்கள். யாராவது உடல் கொதிக்க, பேச்சு குழறி நின்றால் அது வெப்பத்தாக்கு. முதலுதவிக் கூடாரத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு பேண்டுகள். பாதி பாதி வேண்டாம். வரைபடத்தில் பத்து நிமிட நடை, இருட்டில் கூட்டத்துக்குள் இருபது நிமிடமாகும். முதல் பேண்டின் பேர்போன பாட்டுகள் பெரும்பாலும் செட்டின் கடைசியில் வரும், அவற்றை விட்டுக் கிளம்புவீர்கள். இரண்டாவது மேடையில் நல்ல இடமெல்லாம் நிறைந்திருக்கும், ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பீர்கள். இரண்டில் எது சின்ன மேடையில் வாசிக்கிறதோ அதற்குப் போங்கள். பெரிய மேடை பேண்டை இன்னொரு விழாவிலும் அதே தூரத்தில் பார்க்கலாம். பிடித்த பேண்டைப் பத்து மீட்டரில் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. முந்தைய பேண்டின் கடைசி இரண்டு பாட்டுக்கு முன்பே அங்கே போய்விட்டால், அந்தக் கூட்டம் கலையும்போது மிக்ஸிங் டெஸ்க்கின் முன்பக்கம் உங்களுக்குக் கிடைக்கும்.

மகள் பெரிய மேடைக்குத்தான் போவேன் என்றால் போகட்டும். அந்த நேரத்தில் நெட்வொர்க் திணறும், அழைப்பு போகாது; குறுஞ்செய்தியும் தாமதமாகலாம். அதனால் சந்திக்கும் இடத்தைப் பகலிலேயே இருவரும் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேடைகளுக்கும் வாசல்களுக்கும் நடுவில், விளக்குக் கம்பமோ எண் எழுதிய பலகையோ இருக்கும் இடமாக இருக்கட்டும். வாசலிலேயே சந்திக்கலாம் என்று மட்டும் வைக்காதீர்கள், கடைசிப் பாட்டு முடிந்த முதல் அரை மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் அங்கேதான் இருக்கும்.