கேள்வி–பதில்: மலையில் விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம்?

கேள்வி: ஊரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'நீர்வடிப்பகுதி' என்று போட்டிருந்தது. பேப்பரில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்கிறார்கள். இரண்டுமே ஏரியைத்தானே சொல்கின்றன?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: இல்லைங்க. ஏரியில் தண்ணீர் நிற்கிற இடம் நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். அந்த ஏரிக்கு எங்கெங்கிருந்து தண்ணீர் வழிந்து வருகிறதோ அந்த நிலம் முழுக்க, மலைச்சரிவு, காபித் தோட்டம், ரோடு எல்லாம் சேர்த்து, நீர்ப்பிடிப்புப் பகுதி. நீர்வடிப்பகுதி என்பதும் கிட்டத்தட்ட அதேதான், ஆபீஸ் காகிதத்தில் புழங்குகிற பெயர். உங்கள் மூக்கனேரியையே பாருங்கள், ஏரிக்கு நேர்மேலே எவ்வளவு கொட்டினாலும் காணாது, சேர்வராயன் மலைச்சரிவில் பெய்து இறங்கி வரவேண்டும்.

இந்த வார்த்தைகளில் எனக்குப் பிடித்தது நீர்ப்பிரிமுகடு, அதாவது விழுந்த மழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிந்து இறங்குகிற மலைமுகடு. ஏற்காட்டு மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன, ஆனால் அதே மலையின் வடக்குப் பக்கம் இறங்குகிற வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. முகட்டில் இரண்டடி தள்ளித் தள்ளி விழுந்த இரண்டு துளியில் ஒன்று பூம்புகாருக்கும் இன்னொன்று கடலூருக்கும் கிளம்பலாம். கடல் வரைக்கும் நாம் விடுகிறோமா என்பது வேறு கதை.

கேள்வி: சம உயர வரப்பு, கசிவுநீர்க் குட்டை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஓடையில் ஒரு தடுப்பணை கட்டினால் போதாதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: வரிசையில் தடுப்பணை கடைசியில்தான் வரவேண்டும். மேலே சரிவைக் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும், சில மழைக்காலத்திலேயே தடுப்பணை வண்டலில் மேவிவிடும். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர், அது சரிவில் வேகம் பிடிப்பதற்கு முன்பே மறிக்க வேண்டும். அதற்குத்தான் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடுகிற சம உயர வரப்பு.

கசிவுநீர்க் குட்டை என்பது ஓடிவருகிற மழைத்தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் கசியவிடுகிற குட்டை, அதன் விஷயத்தில் ஒரு தமாஷ் உண்டு. 'மழை நின்று கொஞ்ச நாளிலேயே வற்றிவிட்டது, வேலை சரியில்லை' என்று புகார் சொல்வார்கள். அட, வற்றத்தானே வெட்டினது! வெயிலில் போனதுபோக மிச்சம் கீழே இறங்கியிருக்கும். நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது அதற்கு மேலே உளுத்துப்போன பாறையிலும் விரிசல்களிலும்தான். குட்டைக்குக் கீழ்ப்பக்கக் கிணற்றில் ஊற்று தெரிகிறதா என்று பாருங்கள், குட்டையின் லட்சணம் அங்கேதான் தெரியும். ஆயிரம் அடி போர் போட்டாலும் விரிசல் சிக்கினால்தான் தண்ணீர்.

கேள்வி: ஏரியில் வண்டல் அள்ளினால் நிறைந்துவிடுமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: கொள்ளளவு கூடும், சரி. வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் எதை வைத்து நிரப்புவது? நல்ல மழை விட்டதும் வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எந்த இடத்தில் திசை மாறி ரோட்டுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்க. அப்புறம் பொக்லைனுக்குச் சொல்லலாம்.