அப்பாவின் தளத்தை இடம் மாற்றுவது

அன்புள்ள சார்,

வணக்கம். என் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012 முதல் தஞ்சாவூர் வட்டாரத்துக் குளங்கள், வாய்க்கால்கள் பற்றி ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் எழுதிவந்தார். மொத்தம் 214 கட்டுரைகள். இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அதிலிருந்து நான்தான் பணம் கட்டித் தளத்தை வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் வருடத்துக்கு 2,000 ரூபாய்க்குள் இருந்த ஹோஸ்டிங் கட்டணம் இந்த முறை 7,800 என்று வந்திருக்கிறது. ஏஐயிடம் கேட்டேன். இலவசமாகவே வைக்கலாம், ஒரு மணி நேர வேலை, கூடவே இருந்து செய்து தருகிறேன் என்கிறது. எனக்கு வங்கி வேலை. எக்செல் தாண்டிக் கணினி தெரியாது. உங்கள் தளத்தை இப்படி மாற்றியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நம்பி இறங்கலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இறங்கலாம். ஒரு மணி நேரம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் இரண்டு, நானே இழுத்துவிட்டுக்கொண்டதைச் சரிசெய்யப் போனது.

ஏஐ சொன்னதில் அடிப்படை சரிதான். யாராவது பக்கத்தைத் திறந்தால் வேர்ட்பிரஸ், கட்டுரைகளைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸிலிருந்து கட்டுரையை எடுத்து அந்த நேரத்தில்தான் பக்கத்தைத் தயார் செய்கிறது. நீங்கள் கட்டும் வாடகை இதற்கும் சேர்த்துத்தான். அப்பாவின் கட்டுரைகள் இனி மாறப்போவதில்லை. 214 பக்கங்களையும் ஒரே தடவை தயாரித்து வெறும் கோப்புகளாக வைத்துவிட்டால் டேட்டாபேஸே தேவையில்லை. அப்படிப்பட்ட கோப்புகளை கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடங்களில் காசில்லாமல் வைக்கலாம். கிட்ஹப்பில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். குளத்துப் படங்களை அப்பா பெரிய பெரிய அளவில் ஏற்றியிருந்தால் சுருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, மட்டும் வருடா வருடம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது வேறு கணக்கு. ஹோஸ்டிங்கை நிறுத்துகிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். பெயர் ஒருமுறை கைமாறினால் அப்பாவின் முகவரியில் யாராவது சூதாட்ட விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இனி என் கதை. முதல் ஞாயிறு நான் செய்தது, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஏஐக்குக் கொடுத்து, "இதைப் புதிய தளத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடு" என்றது. அழகாக மாற்றிக் கொடுத்தது. நாற்பது பதிவு முடிந்த பிறகு, என் பாட்டியைப் பற்றிய ஒரு கட்டுரையைச் சும்மா படித்துப் பார்த்தேன். பாட்டி "அங்கிட்டு" என்று சொன்ன இடத்தில் "அங்கே" என்று இருந்தது. "வந்தாக" என்பது "வந்தார்கள்" ஆகியிருந்தது. ஒரு பத்தியின் கடைசி வரியையே காணவில்லை. பாட்டிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுத்தை அதன் கையில் கொடுத்தால் அது எழுதத்தான் செய்யும், அதன் பிழைப்பே அது. நாற்பதையும் தூக்கிப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு வேறு விதமாகக் கேட்டேன். "கட்டுரைகளை நீ தொடாதே. என் கணினியில் ஓடுகிற மாதிரி ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதிக் கொடு. அது மாற்றட்டும். மாற்றியபின் ஒவ்வொரு பதிவிலும் பழையதில் எத்தனை எழுத்து, புதியதில் எத்தனை எழுத்து என்று ஒரு பட்டியலும் போடட்டும்." ஸ்கிரிப்ட்டுக்கு இலக்கணம் தெரியாது. இருப்பதை இருக்கிறபடி எடுத்து வைக்கும். இரண்டு தடவை பிழை காட்டியது. அந்தப் பிழைச் செய்தியை அப்படியே ஏஐக்கு ஒட்டியதும் திருத்திக் கொடுத்தது. மூன்றாம் தடவை முந்நூறு பதிவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. பட்டியலை எக்செல்லில் திறந்து வித்தியாசம் உள்ளதை மட்டும் பார்த்தேன். வங்கிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நாள் முடிவில் கணக்கு நேர் செய்வது மாதிரிதான்.

வேர்ட்பிரஸ்ஸில் கருவிகள் என்ற பகுதிக்குள் ஏற்றுமதி என்று இருக்கும். அங்கே ஒரே கோப்பாக எல்லாப் பதிவும் இறங்கும். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். பழைய ஹோஸ்டிங்கை மூடிய அன்றைக்கே அத்தனை படமும் போய்விடும். அப்லோட்ஸ் என்ற ஃபோல்டரை முழுதாகத் தனியே இறக்கி ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். இன்னொன்று, அந்தக் கோப்பில் அப்பா வெளியிடாமல் வைத்த வரைவுகளும், பின்னூட்டம் போட்டவர்களின் மின்னஞ்சல், ஐபி முகவரிகளும் இருக்கும். கிட்ஹப்பில் இலவசமாகத் தளம் நடத்தினால் நீங்கள் ஏற்றுகிற கோப்புகள் எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே ஏற்றுமதிக் கோப்பு அங்கே போகவே கூடாது. அதேபோல் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள அமைப்புக் கோப்பை ஏஐயின் உரையாடலில் ஒட்டாதீர்கள். கேட்டாலும்.

அப்புறம் முகவரிகள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு வருகிற தலைவலி இது, இந்திக்காரருக்கும் உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரியையும் தமிழிலேயே உருவாக்குகிறது. உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறி போட்ட ஒன்பது எழுத்தாக மாறுகிறது. "கு" என்பதே உள்ளே ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. மொத்தம் 200 எழுத்துதான் இடம். எனவே 22 குறிகளோடு முகவரி நின்றுவிடும். அப்பா "திருவையாற்றுக் குளங்களின் கதை" என்று தலைப்பு வைத்திருந்தால், முகவரி "திருவையாற்றுக்-குளங்களி" என்பதோடு அறுந்திருக்கும். உங்கள் தளத்தில் இப்போதே பாருங்கள். ஏஐக்கு இப்படி அறுந்து நிற்பது பிடிக்காது. தலைப்பை முழுசாகப் போட்டோ, ஆங்கில எழுத்தில் பெயர்த்தோ "சுத்தமான" முகவரி செய்துகொடுக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை வருடமாக யார் யாரோ வாட்ஸ்அப்பிலும் விக்கிப்பீடியாவிலும் கொடுத்து வைத்த லிங்க் எல்லாம் செத்துவிடும். அறுந்த முகவரியையே ஏற்றுமதிக் கோப்பிலிருந்து எடுத்து அப்படியே வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஞாயிறு நடந்தது இன்னும் மோசம். தளத்தின் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று வழிசொல்லும் நேம்சர்வரை மாற்று என்றது ஏஐ, மாற்றினேன். தளம் ஜோராக வந்துவிட்டது. இரண்டு நாள் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. உலகம் என்னை மறந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். தளத்தின் பெயரிலேயே இருந்த என் மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் ரெக்கார்ட் பழைய நேம்சர்வரோடு நின்றுபோயிருந்தது. "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டால் மன்னிப்பு மட்டும் பணிவாக வருகிறது. அதன் பக்கமும் நியாயம் உண்டு, எனக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் இருப்பதை நான் சொல்லவே இல்லை. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், இந்த ரெக்கார்ட்கள் எல்லாம் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து அதனிடம் காட்டி, "இதில் எதெல்லாம் நின்றுபோகும்?" என்று கேளுங்கள். எப்படிச் செய்வது என்று கேட்டால் செய்வதற்கான வழியை மட்டும் சொல்கிறது. எதை இழப்பேன் என்று கேட்டால்தான் மற்றதைப் பேசுகிறது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கலாம். டொமைன் கணக்கு அப்பாவின் பெயரில், அப்பாவின் மின்னஞ்சலில் இருக்கிறதா? அந்த மின்னஞ்சல் இதே தளத்தின் பெயரில் இருந்து, அது நின்றுபோனால், கணக்குக்குள் நுழையும் வழியே அடைபடும். முதலில் உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். புதிய இடத்தில் பால் காய்ச்சி ஒரு மாதம் ஆன பிறகு பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தால் போதும்.

பின்னூட்டங்களை நீங்கள் குறிப்பிடவில்லை. புதிய தளம் வெறும் கோப்புகள்தான், வேறு சேவை எதையும் சேர்க்காமல் அங்கே புதிதாக யாரும் பின்னூட்டம் போட முடியாது. ஆனால் பழையவற்றைப் பெயர், தேதியோடு ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அச்சிட்டு வைக்கலாம், மின்னஞ்சலை மட்டும் நீக்கிவிட்டு. ஏஐ தானாக இதைச் செய்யாது. அப்பாவிடம் படித்தவர்கள் எழுதியதும், அவர் பதில் சொன்னதும் அங்கேதான் இருக்கும். ஸ்கிரிப்ட் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று எழுதவில்லை. மூன்று மாதம் இருந்தால் இந்த வாரமே ஏற்றுமதிக் கோப்பையும் படங்களையும் இறக்கிவிடுங்கள். அடுத்த வாரம் என்றால், அவசரப்பட வேண்டாம். மாதக் கணக்கில் கட்ட முடியுமா என்று கேட்டு இரண்டு மாதத்துக்குக் கட்டிவிடுங்கள். எழுத்து எண்ணிக்கைப் பட்டியலில் புரியாத வித்தியாசம் வந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.