குறைமாதப் பிள்ளைக்கு ஆர்.எஸ்.வி ஊசி: போடுவதா, விடுவதா?

மாரி தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி நெஞ்சுச் சளி பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை குறைமாதப் பிள்ளைகளின் வீடுகளில் இருந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் அங்கே போடப்படும் ஒரு ஊசியைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதுதான் காரணம் என்று தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் தருகிறேன்.

மகன் 30 கிழமையில் பிறந்தவன், 1.3 கிலோ. பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். ஒட்சிசன் மூன்று நாள் மட்டும்தான் தேவைப்பட்டது. இப்போது இரண்டரை மாதம், 3 கிலோ. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள், "ஆர்.எஸ்.வி ஊசி போடாமலா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பயமுறுத்துகிறார். இங்கே ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லையே? (கோப்பாய்)

மச்சாள் சொன்னதிலும் பிழை இல்லை, இங்கே சொல்லாமல் விட்டதிலும் பிழை இல்லை. ஒன்ராறியோவில் 2024 முதல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அரசாங்கமே அதை இலவசமாகக் கொடுக்கிறது. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது கிடையாது. அட்டவணையில் இல்லாத ஒன்றைக் கிளினிக்கில் யாரும் தாமாக எடுத்துப் பேசுவதில்லை.

ஆர்.எஸ்.வி என்பது தடிமன் உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்று. நமக்கு வந்தால் பெரும்பாலும் மூக்கு ஒழுகும், சில நாள் இருமும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவையாவது வந்து போய்விடும். கைக்குழந்தையில் அது நெஞ்சின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்களுக்குள் இறங்கினால்தான் வில்லங்கம்: குழாயின் உட்புறம் வீங்கி, சளி அடைத்து, பிள்ளை முட்டுப்படும். குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் குழாய்கள் இன்னும் ஒடுக்கம். போதாததற்கு, தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகப் பெருமளவில் பிள்ளைக்குப் போவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். 30 கிழமையில் பிறந்த பிள்ளை அந்தச் சீதனத்தில் பாதியை வாங்காமலே வந்துவிடுகிறது.

இந்த ஊசி செய்வது அந்தக் குறையை நிரப்புவதுதான். வழமையான தடுப்பூசி பிள்ளையின் உடலுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். இது அப்படியல்ல, ஆய்வுகூடத்தில் செய்த எதிர்ப்புப் பொருளையே நேரே தொடையில் ஏற்றுகிறார்கள். பழைய மருந்து பாலிவிசுமாப், 1998இல் பாவனைக்கு வந்தது. நோய்க்காலம் முழுக்க மாதம் ஒரு தடவை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று ஐந்து தடவை வரை போடவேண்டும். புதியது நிர்செவிமாப். ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி பெற்றது. ஒரே ஊசி, குறைந்தது ஐந்து மாதம் தாங்கும். 5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 மில்லிகிராம், அதற்கு மேல் 100. 29 முதல் 35 கிழமைக்குள் பிறந்த பிள்ளைகளில் செய்த ஆய்வில், ஆர்.எஸ்.வியால் வைத்தியரிடம் போகும் அளவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது ஏறத்தாழ 70 வீதமும் வைத்தியசாலையில் சேர்க்கவேண்டி வந்தது 78 வீதமும் குறைந்தன. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் ஆர்.எஸ்.வி ஒன்றை மட்டுமே தடுக்கும். இன்புளுவென்சா, குக்கல், நிமோனியா உண்டாக்கும் நியூமோகொக்கஸ் கிருமி எதையும் தொடாது.

சரி, உங்கள் மகனுக்கு? நான் நான்கு விஷயம் பார்ப்பேன்: எத்தனை கிழமையில் பிறந்தான், நெஞ்சு எப்படி, இதயம் எப்படி, வரப்போகும் மாதங்களில் எத்தனை வயது. பழைய மாதாந்த ஊசி மட்டும் இருந்த காலத்தில் நீங்கள் கேட்டிருந்தால் தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். 29 கிழமையோ அதற்கு மேலோ ஆகிப் பிறந்து, வேறு குறை இல்லாத பிள்ளைக்கு அதை வழமையாகப் போடவேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகடமியும் 2014இல் சொன்னது. ஒரே தடவை போடும் புதிய ஊசி முறையாகக் கிடைத்து, செலவும் கைக்கு அடங்குமென்றால் போடலாம், வரும் இரண்டு மூன்று மாதம்தான் அவனுக்கு ஆபத்துக் கூடிய காலம். நகையை ஈடு வைத்துத்தான் போடவேண்டும் என்ற நிலை என்றால் வேண்டாம். தாய்ப்பால், புகையில்லாத வீடு, தடிமன்காரரைக் கிட்ட விடாமை, அட்டவணைத் தடுப்பூசிகள் ஆகியவற்றோடு இந்த மாரியைக் கடக்கலாம்.

எங்கள் மகள் 27 கிழமையில் பிறந்தவள். இரண்டு மாதத்துக்கு மேல் ஒட்சிசனில் இருந்தாள், நெஞ்சு இன்னும் பழுது என்கிறார்கள். ஊசியைக் கனடாவில் வாங்கித் தம்பி பையில் போட்டுக் கொண்டு வரலாமா? (சாவகச்சேரி)

முதல் பாதிக்குப் பதில்: இவளுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும். 29 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளை, 32 கிழமைக்கு முன் பிறந்து 28 நாளோ அதற்கு மேலோ ஒட்சிசன் தேவைப்பட்ட பிள்ளை, பாரதூரமான பிறவி இதய நோய் உள்ள பிள்ளை ஆகியோர் மிகக் கறாரான பழைய வழிகாட்டல்களில்கூட இடம் பிடித்தவர்கள். உங்கள் மகள் இரண்டு விதத்தில் அதற்குள் வருகிறாள். இங்கே "செலவைப் பாருங்கள்" என்று நான் சொல்லமாட்டேன்.

பை விஷயத்துக்கு வருவோம். வேண்டாம் தம்பி. இது மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு. 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. வெளியே எடுத்தால் சாதாரண அறை வெப்பத்தில் எட்டு மணித்தியாலம்தான் கணக்கு. ரொறன்ரோவில் விமானம் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்கி, ஏ9 வீதியால் சாவகச்சேரி வந்து சேர எட்டு மணித்தியாலம் எங்கே போதும்? கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கலாம். போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் நீங்கள் கவனத்தைத் தளர்த்துவீர்கள், பிள்ளைக்குள் ஒன்றும் இருக்காது. அதைவிட, வேறு யாரோ ஒருவர் பெயரில் எடுத்த மருந்தை இங்கே எந்தத் தாதி போடுவார்?

மகளைப் பார்க்கும் குழந்தை வைத்திய நிபுணரிடம் நேரே கேளுங்கள். அவருடைய கடிதத்தோடு, மருந்தைக் குளிர் விடாமல் கொண்டுவரும் வசதி (குளிர்ச்சங்கிலி) உள்ள மருந்து இறக்குமதியாளர் ஊடாக, உரிய அனுமதியோடு எடுப்பதுதான் வழி. அதற்கு நாள் எடுக்கும் என்பதால் இந்தக் கிழமையே கேளுங்கள். அடுத்த வருட நோய்க்காலத்திலும் அவளுக்கு நெஞ்சுக்கான சிகிச்சை தொடர்ந்தால் இரண்டாம் தடவையும் தேவைப்படலாம். அதையும் இப்போதே பேசி வையுங்கள்.

பேத்தி ஏழு கிழமை முந்திப் பிறந்தவள். இரண்டாம் மாத ஊசிக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வரச் சொல்கிறா. பிள்ளை ஒரு கைப்பிடிதான் இருக்கிறாள். ஏழு கிழமை பிந்திப் போட்டால் என்ன? (வல்வெட்டித்துறையில் இருந்து ஓர் அம்மம்மா)

பிந்த வேண்டாம் அம்மா. வளர்ச்சியைப் பார்க்கத்தான் முந்திப் பிறந்த கிழமைகளைக் கழிப்போம். தடுப்பூசிக்குப் பிறந்த திகதியில் இருந்தே கணக்கு, அளவும் முழு அளவு. இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் குக்கலுக்கும் ஹிப் கிருமிக்கும் பாதுகாப்பு இருக்கிறது, இரண்டுமே நெஞ்சைத் தாக்குபவை. கைப்பிடிப் பிள்ளைக்குக் குக்கல் வந்தால் இருமாமலே மூச்சு நின்றுவிடலாம். 28 கிழமைக்கு முன் பிறந்து இன்னும் வைத்தியசாலையில் இருக்கிற பிள்ளை என்றால் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மூச்சைக் கவனிப்பார்கள். பேத்தி வீட்டில் நல்லாக இருக்கிறாள். கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம். விலை கூடிய ஊசிக்காகக் கொழும்பு வரை விசாரிக்கிற சில வீடுகளில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஊசி "சளி இருந்தது", "நாள் சரியில்லை" என்று மாதக்கணக்கில் பிந்திக் கிடக்கிறது. இலேசான தடிமன் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

31 கிழமையில் இரட்டையர். பெரியவனுக்கு ஆறு கிழமை ஒட்சிசன், சின்னவனுக்குத் தேவைப்படவில்லை. ஒருவனுக்குப் போடத்தான் காசு இருக்கிறது. ஒன்றுக்குப் போட்டு மற்றதுக்குப் போடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. (மானிப்பாய்)

பெரியவனுக்குப் போடுங்கள். நெஞ்சு பழுதுபட்டது அவனுக்கு, சுவாசம் சிக்கலானால் தாங்கும் சக்தி குறைவும் அவனுக்கு. மேலே சொன்ன பழைய வழிகாட்டலும் அவனைச் சேர்க்கும், சின்னவனைச் சேர்க்காது. அதைப் பாரபட்சம் என்று நினைக்காதீர்கள். ஒருவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டால் இருவருக்குமா வாங்குவோம்?

முன்பள்ளிக்குப் போகும் அக்கா ஒருத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் பெரும்பாலும் அவள் கையில்தான் வீட்டுக்குள் வரும். மேசை, விளையாட்டுப் பொருள்களில் அது பல மணித்தியாலம் உயிரோடு இருக்கும். வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகு தம்பிமாரைத் தொடட்டும். மூக்கு ஒழுகும் நாளில் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாமல் காலைத் தொட்டு விளையாடட்டும். சின்னவனுக்கும் இது பாதுகாப்பு, காசும் இல்லை.

நான் 29 கிழமைக் கர்ப்பிணி. முதல் பிள்ளை 33 கிழமையில் பிறந்தது. லண்டனில் தாய்க்கே ஊசி போடுகிறார்களாமே? (சுன்னாகம்)

உண்மை. இது தாய்க்குப் போடும் தடுப்பூசி, தாயில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்குப் போகும். பிரித்தானியாவில் 2024 செப்டெம்பரில் இருந்து 28 கிழமை தொட்டுப் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 28 கிழமைக்குப் பிறகு என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் 32 முதல் 36 கிழமைக்குள் மட்டும். காரணம், ஆய்வில் ஊசி போட்ட தாய்மாரில் குறைமாதப் பிரசவம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு வித்தியாசம்தான், என்றாலும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அதே ஆய்வில் பிள்ளையின் முதல் மூன்று மாதத்தில் கடுமையான ஆர்.எஸ்.வி நோய் ஏறத்தாழ 82 வீதம் குறைந்தது.

உங்களுக்கு இடிக்கும் இடம் வேறு. ஊசி போட்டு இரண்டு கிழமையாவது கழிந்து பிறந்தால்தான் பிள்ளைக்குப் போதிய அளவு போயிருக்கும். அதற்குள் பிறந்தால் பிள்ளைக்குத் தனியாகப் போடவேண்டும். முன்பு குறைமாதத்தில் பெற்ற தாய்க்கு நான் பிள்ளைக்குப் போடும் ஊசியைத்தான் கூடுதலாக நம்புவேன். ஆனால் இது உங்கள் வி.ஓ.ஜியோடு (மகப்பேற்று வைத்திய நிபுணரோடு) பேசி எடுக்கவேண்டிய முடிவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 34 கிழமைக்கு முன் வலி கண்டாலோ பன்னீர்க்குடம் உடைந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளையின் நெஞ்சை முதிரவைக்கத் தாய்க்கு ஒரு ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். மிக மலிவான மருந்து, குறைமாதப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். அது வேலை செய்ய நேரம் வேண்டும். "விடியட்டும் பார்ப்போம்" என்று வீட்டில் இருக்கவேண்டாம்.

பிள்ளை செப்டெம்பரில் ரொறன்ரோவில் 34 கிழமையில் பிறந்தாள். ஒக்டோபரில் நிர்செவிமாப் போட்டாயிற்று. ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம். அது இங்கும் காக்குமா?

அதற்குள் தேய்ந்துவிடும். அந்த மருந்து ஏறத்தாழ 70 நாளுக்கு ஒரு தடவை உடலில் பாதியாகக் குறையும். பத்து மாதம் கழித்து அதை நம்பமுடியாது. ஆனால் அப்போது அவளுக்குப் பத்து, பதினொரு மாதம். மூச்சுக்குழாய் வளர்ந்திருக்கும், ஆபத்தும் குறைந்திருக்கும். வேறு நோய் இல்லையென்றால் இதற்காகத் திரும்பவும் ஊசி போட வேண்டியதில்லை. ஆறு மாதம் கடந்ததால் இன்புளுவென்சா ஊசியைப் பற்றி அங்குள்ள வைத்தியரிடம் கேளுங்கள், முதல் வருடத்தில் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை. தேர், தீர்த்தச் சனத்துக்குள் பிள்ளையைக் கொண்டு போகாமல் இருந்தால் நல்லம். சனம் குறைந்த ஒரு நாளில் கும்பிடலாம்.

பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை பிடிப்பது சளிக்கு நல்லது என்று மாமி சொல்கிறார்.

குறைமாதப் பிள்ளைக்குக் கூடாது. சாம்பிராணி, நுளம்புத்திரி, விறகடுப்பு, சிகரெட் எல்லாம் அந்த நெஞ்சுக்கு ஒன்றுதான். மாமியோடு சண்டை வேண்டாம், "டொக்டர் மறித்துவிட்டார்" என்று என்மேல் போடுங்கள். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வருகிற சனத்தையும் அதே மாதிரி மறிக்கலாம்.

எந்தச் சளிக்கு வீட்டில் வைத்திருக்கலாம், எதற்கு ஓடவேண்டும்?

பால் வழமைபோலக் குடித்து, சலம் வழமைபோலப் போய், மூக்கு மட்டும் ஒழுகினால் வீட்டில் பார்க்கலாம். மூக்கடைப்புக்குச் சேலைன் துளி போதும். இருமல் பாணி கொடுக்காதீர்கள். முன்பு கொடுத்து மிச்சம் கிடக்கும் அன்டிபயோட்டிக்கையும் எடுக்காதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைக் கழற்றி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 அல்லது அதைவிடக் கூட என்றால் போகவேண்டும். விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், மூக்கு விரிந்தால், முனகினால், பால் பாதியாகக் குறைந்தால் போகவேண்டும். மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ ஓட்டோ தேடாமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். மிகச் சிறிய குறைமாதப் பிள்ளையில் காய்ச்சலோ இருமலோ இல்லாமல் மூச்சு நிற்பதே முதல் அறிகுறியாக வரலாம். போகும்போது பிள்ளையின் பதிவேட்டையும் வைத்தியசாலையில் இருந்து விட்டபோது தந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்காமல், "குறைமாதப் பிள்ளை, இத்தனை கிழமையில் பிறந்தது, மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.