தானாகக் கறுக்கும் ஏஆர் கண்ணாடி: கண்புரை வருமா?

கேள்வி: எனக்கு 44 வயது. தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. பழுது பார்க்கும்போது வரைபடங்களைக் கண்ணெதிரே மிதப்பது போலக் காட்டும் ஏஆர் கண்ணாடியை 3 மாதமாகப் போடுகிறேன். வெளிச்சத்துக்குத் தகுந்தபடி அது தானாகவே கறுக்கும். வெயிலில் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் சில வினாடிகள் ஒன்றும் தெரிவதில்லை. படத்தைச் சுற்றிப் புகை போல ஒரு நிழல் தெரிகிறது, கழற்றினால் மறைந்துவிடுகிறது. மாலையில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. இது கண்புரையின் ஆரம்பமா? பைக் ஓட்டும்போது கூலிங் கிளாஸுக்குப் பதில் இதையே போடலாமா? என் அம்மாவுக்குக் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டு.

பதில்: கண்புரையால் வரும் மங்கல் கண்ணாடியைக் கழற்றினாலும் அப்படியேதான் இருக்கும். உங்களுக்குக் கழற்றியதும் நிழல் மறைகிறது என்றால் அது உங்கள் கண்ணில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஏஆர் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே முடியும். கறுப்பை அதனால் காட்ட முடியாது. நல்ல வெயிலில் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் விழும். அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான். அந்த வெயிலோடு போட்டி போட்டால் படம் வெளுத்துப் போகும். அதனால்தான் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு மெல்லிய அடுக்கு வைத்து, வெளிச்சம் கூடும்போது அதைக் கறுக்க வைக்கிறார்கள். சில மாடல்களில் கண்ணாடி முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும். 2022இல் வந்த மேஜிக் லீப் 2 போன்றவற்றில், படம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும் கறுக்கும் வசதியும் உண்டு. அந்தக் கறுப்புத் திட்டு உங்கள் கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பதைக் கண்ணால் கூர்மையாகப் பார்க்க முடியாது. விரலை மூக்கு நுனியருகே பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள், விரலின் ஓரம் கரைந்து தெரியும். உங்கள் புகை நிழலும் பெரும்பாலும் அதேதான்.

உள்ளே வந்ததும் கண் தெரியாமல் போவதில் இரண்டு தாமதங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று கண்ணின் தாமதம். இரவில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று விளக்கை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். அகன்றிருந்த கண்மணி சட்டென்று சுருங்குவது தெரியும். சுருங்குவதற்கு ஒரு நொடி கூட ஆகாது. ஆனால் இருட்டுக்குப் பழக விழித்திரைக்கு நேரம் வேண்டும்: முதல் பகுதிக்கு 5 முதல் 10 நிமிடம், முழுவதுமாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். இன்னொன்று கண்ணாடியின் தாமதம். திரவப் படிக அடுக்கு என்றால் நொடிக்கும் குறைவான நேரத்தில் தெளிந்துவிடும். மின்சாரத்தால் நிறம் மாறும் எலக்ட்ரோகுரோமிக் அடுக்கு தெளியச் சில வினாடிகள் பிடிக்கலாம். அதுவரை இருட்டான ஷெட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டு நடக்கிற நிலைமைதான் உங்களுக்கு. சுற்றிலும் இயந்திரம் ஓடுகிற இடத்தில் இது விளையாட்டு இல்லை. வாசலிலேயே நில்லுங்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், தரையும் படியும் தெளிவாகத் தெரிந்த பிறகு நடங்கள்.

பைக் ஓட்ட வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூலிங் கிளாஸுக்கான சர்வதேச அளவுகோலின்படி, 8 சதவீதத்துக்கும் குறைவாக வெளிச்சத்தை விடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. மாலை மங்கலிலும் இரவிலும் குறைந்தது 75 சதவீதம் உள்ளே வர வேண்டும். மேஜிக் லீப் 2 முழுவதும் தெளிந்திருக்கும்போதே சுமார் 22 சதவீதம்தான் விடுகிறது, முழுவதும் கறுத்தால் 0.3 சதவீதம். அதாவது தெளிந்த நிலையிலேயே அது ஒரு கூலிங் கிளாஸ். உங்கள் மாடலின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் பாலத்தடியில் நுழையும் நேரம் பார்த்துக் கண்ணாடி கறுத்தே நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பாக இருப்பதாலேயே ஒரு கண்ணாடி கண்ணைக் காப்பாற்றிவிடாது. கறுப்புக்குப் பின்னால் கண்மணி அகலும். புறஊதாக் கதிரை அந்தக் கண்ணாடி தடுக்கவில்லை என்றால், அகன்ற வழியே அது கூடுதலாக உள்ளே போகும். வெல்டிங் செய்பவர்களின் தானியங்கி ஹெல்மெட்டைப் பார்த்திருப்பீர்கள். பொறி பறந்ததும் கறுக்கும். ஆனால் கறுப்பதற்கு முன்பே, பேட்டரி தீர்ந்தாலும்கூட, புறஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் நிரந்தர வடிகட்டி அதில் இருக்கிறது. ஏஆர் கண்ணாடியை அந்த வேலைக்காகச் செய்யவில்லை. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் இதை நம்பிப் பார்க்காதீர்கள். அந்த நேரம் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். சூரிய கிரகணத்தையும் இதன் வழியே பார்க்கக் கூடாது.

சரி, தலைவலிக்கு வருவோம். உங்கள் வயதில் வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். பெரும்பாலான ஏஆர் கண்ணாடிகளில் படம் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பது போல அமைந்திருக்கும். உங்கள் கையில் உள்ள ஸ்பேனரோ 40 சென்டிமீட்டரில். இரண்டுக்கும் மாறி மாறிக் குவித்தே கண் களைத்துப்போகும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவிட்டுத் தூரத்தில் எதையாவது பாருங்கள்.

ஆனால் எல்லாத் தலைவலியையும் களைப்பின் கணக்கில் நான் எழுத மாட்டேன், அம்மாவுக்குக் கிளாக்கோமா என்று சொல்லியிருப்பதால். சிலருக்குக் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் கண்மணி அகலும்போது அந்த வழி அடைபட்டு, கண் அழுத்தம் திடீரென்று ஏறலாம். அப்படிப்பட்டவர்கள் கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் மணிக்கணக்கில் இருப்பதை நான் விரும்ப மாட்டேன். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை, பார்த்துவிட வேண்டும் என்கிறேன். கண் அழுத்தம், கண் நரம்பு, கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபி, மூன்றையும் இந்த மாதத்துக்குள் செய்துகொள்ளுங்கள். முடிவு வரும் வரை கறுக்கும் வசதியை அணைத்தோ குறைத்தோ வையுங்கள். கண்ணாடி போடாதபோதும் விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்து வாந்தி வந்தாலோ, தேதி பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது கண்ணாடியையும் அதோடு வந்த விவரக் கையேட்டையும் எடுத்துப் போங்கள். தெளிந்த நிலையில் எத்தனை சதவீதம் வெளிச்சம் விடுகிறது, கறுத்தால் எத்தனை, 400 நானோமீட்டர் வரை புறஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று அதில் தேடுங்கள். இல்லையென்றால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், வேலை செய்யும்போது கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு இருந்தால்தான் உங்களுக்குச் சரியான பவரை எழுதித் தர முடியும்.