பாஸா, பயணச்சீட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டோக்கியோவில் வேலை பார்க்கும் மகளிடம் நானும் மனைவியும் மார்ச் மாதக் கடைசியில் செல்கிறோம். அங்கே மூன்று வாரம் தங்குவோம். இடையில் ஆறேழு நாள் கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா பார்த்துத் திரும்ப எண்ணம்; மகளும் உடன் வருவாள். சில ஆண்டுகளுக்கு முன் சென்று வந்த என் மைத்துனர், "கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் ரயில் பாஸ் வாங்கிவிடுங்கள்" என்கிறார். மகளோ தனித்தனிச் சீட்டே போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓய்வுபெற்ற ஊழியர், பெரம்பூர்

பதில்: இந்த முறை மகள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மைத்துனர் சென்று வந்த காலத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. குறிப்பிட்ட நாட்களுக்கு ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) வண்டிகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் பாஸ். அப்போது ஏழு நாள் பாஸின் விலை 30,000 யென்னுக்குச் சற்றுக் குறைவு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போய் வந்தாலே ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும் என்பதால், அதற்கு மேல் ஏறிய வண்டியெல்லாம் இனாம் என்று கொள்ளலாம். 2023 அக்டோபரில் அந்த விலையை 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். தனிச்சீட்டின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. எனவே பழைய கணக்கு இன்று பொருந்தாது.

உங்கள் வழித்தடத்தையே வைத்துக் கூட்டிப் பார்ப்போம். ஷின்கான்சென் அதிவேக வண்டியில், இருக்கை முன்பதிவுடன், டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஆளுக்குச் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண வண்டியிலேயே அரை மணி நேரத்தில் போய்விடலாம். 600 யென்னுக்குள் முடியும். ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு 10,500 அளவில் ஆகும். அங்கிருந்து மியாஜிமா தீவுக்குப் போய்வர ரயிலும் படகுமாக 1,500 வைத்துக்கொள்ளுங்கள். ஹிரோஷிமாவிலிருந்து நேரே டோக்கியோ திரும்ப 19,500. எல்லாம் சேர்த்து 46,000 யென்னை ஒட்டி வருகிறது. பாஸ் எடுத்தால் ஆளுக்கு நாலாயிரம் யென் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள்.

பணத்தைவிட இதில் வேறொரு சங்கடம் இருக்கிறது. இந்த ஷின்கான்சென் தடத்தில் மிக வேகமானதும் அடிக்கடி ஓடுவதுமான வண்டி நொசோமி. தனிச்சீட்டுக்காரர் அதில் தாராளமாக ஏறலாம். பாஸ் வைத்திருப்பவர் ஏற வேண்டுமானால் தனியே துணைக்கட்டணம் செலுத்த வேண்டும். டோக்கியோ–கியோட்டோ தூரத்துக்கு மட்டும் அது 4,960 யென். அதைச் செலுத்த மனமில்லாதவர் ஹிகாரி வண்டியில் போகலாம். கியோட்டோ வரை அதனால் அரை மணி நேரம்தான் கூடுகிறது, அது பெரிய குறையில்லை. ஆனால் ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு நொசோமி நான்கு மணி நேரத்தில் நேரே கொண்டுவந்து சேர்க்கும்போது, பாஸ்காரர் பொதுவாக இடையில் இறங்கி வண்டி மாற வேண்டியிருக்கும். அறுபதைத் தாண்டிய முழங்கால்களுடன், இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, அது தேவைதானா என்று யோசியுங்கள்.

உங்கள் மகளுக்கு அந்தப் பாஸ் கிடைக்கவே கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறுகிய காலச் சுற்றுலாவுக்கென நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவருக்கான பாஸ் அது. வேலை விசாவில் அங்கே குடியிருப்பவர் அதற்குத் தகுதியில்லை. நீங்கள் இருவரும் பாஸிலும் அவர் சீட்டிலும் போனால், ஒன்று மூவரும் ஹிகாரிக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது அவர் நொசோமியில் முன்னே போய் உங்களுக்காக நடைமேடையில் நிற்க வேண்டும்.

ஊருக்குள்ளும் பாஸ் அதிகம் உதவாது. டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் நிலையம் டோக்கியோ மெட்ரோவைச் சேர்ந்தது. ஜேஆர் பாஸ் அங்கே செல்லாது. கியோட்டோவில் பெரும்பாலும் நகரப் பேருந்தில்தான் சுற்றுவீர்கள். இவற்றுக்கெல்லாம் சுயிகா போன்ற தொட்டுச் செல்லும் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் போதும்.

ரயில்வே குடும்பங்களில் பாஸ் என்றால் ஒரு தனி நிம்மதி உண்டு என்பதை நான் அறிவேன். நம் ஊரில் கட்டணம் குறைவு, இடம் கிடைப்பதுதான் அரிது. தத்கல் திறக்கும் காலைப்பொழுதில் வீட்டுக்கு வீடு கைப்பேசியுடன் தவம் கிடப்பது அதனால்தான். ஜப்பானில் நிலைமை நேர்மாறானது: சீட்டு விலை அதிகம், வண்டியோ சில நிமிடங்களுக்கு ஒன்று வருகிறது. ஒரு மாதத்துக்கு முன் முன்பதிவு திறக்கும். புறப்படும் நாளில் வாங்கினாலும் விலை விமானச்சீட்டைப் போலப் பன்மடங்கு ஏறுவதில்லை. எனவே பாஸ் வாங்கி வைத்து எதிலிருந்தும் உங்களைக் காத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனைவிக்குக் காய்ச்சல் வந்து பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட நேர்ந்தாலும், தனிச்சீட்டைப் புறப்படும் முன் மாற்றிக்கொள்ளலாம். பாஸின் ஏழு நாளோ தொடர்ச்சியானவை. ஓட ஆரம்பித்துவிட்டால் நிற்காது, பணமும் திரும்பி வராது.

தேசியப் பாஸ் வேண்டாம் என்பதால் எல்லாப் பாஸையும் ஒதுக்கிவிட வேண்டாம். மேற்கு ஜப்பான் ரயில்வே விற்கும் கன்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ் ஐந்து நாளுக்கு 17,000 யென் அளவில் கிடைக்கிறது. ஒசாகா–ஹிரோஷிமா இடையே நொசோமியும் இதில் அடங்கும். அந்தத் தடத்தில் போய்வரவே 21,000 ஆகும் என்பதால் இது கைக்கு லாபம். ஹிரோஷிமாவிலிருந்து நேரே டோக்கியோ போகாமல் ஒசாகா திரும்பி, அங்கிருந்து தனிச்சீட்டில் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மொத்தச் செலவில் சில நூறு யென்தான் மிச்சம், ஆனால் நாராவின் மான்களும் ஹிமேஜி கோட்டையும் கூடுதல் ரயில் கட்டணமின்றிச் சேர்ந்துவிடும். இதுவும் சுற்றுலாப் பயணியருக்கு மட்டுமே உரியது, மகளுக்குச் சீட்டுத்தான்.

ஹிரோஷிமாவையும் தாண்டி ஃபுகுவோகா வரை போய், வழியில் மூன்று நான்கு ஊர்களில் இறங்கி ஏறி, ஒரே வாரத்தில் டோக்கியோ திரும்பும் உத்தேசம் இருந்தால் மட்டும் ஏழு நாள் பாஸைப் பற்றி யோசிக்கலாம். அப்படி ஓடுவது விடுமுறையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கியோட்டோ போகும்போது வலப்பக்க ஜன்னலான 'ஈ' இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை அந்தப் பக்கம் தெரியும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளுடன் (வயது 10, 13) சுவிட்சர்லாந்து போகிறோம். இன்டர்லாகனில் அறை எடுத்துத் தங்கி ஐந்து நாள் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுக்கலாமா?
– குடும்பத்தலைவி, தண்டையார்பேட்டை

பதில்: பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்கள் பாஸ் வைத்திருக்கும் பெற்றோருடன் குடும்ப அட்டையில் இலவசமாகப் பயணம் செய்யலாம். பெரியவர்கள் இருவருக்கும் எது நல்லது என்பதை நீங்கள் பார்க்கப்போகும் மலைகள்தாம் தீர்மானிக்கின்றன. யுங்ஃபிராவ்யோக் மலைக்கணவாய்க்கு டிராவல் பாஸ் கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரைதான் செல்லும். அதற்கு மேல் 25 சதவீதமே தள்ளுபடி. அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் பாதி விலை. ஒரே ஊரில் தங்கி மலை மலையாக ஏறுபவருக்கு அரைக்கட்டண அட்டையும், நாளுக்கொரு ஊராக ரயிலிலும் ஏரிப்படகிலும் நகர்பவருக்கு டிராவல் பாஸும் பொருந்தும். நீங்கள் முதல் வகை என்றே தோன்றுகிறது.

கேள்வி: சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற என் தம்பி குடும்பத்துடன் மே மாதம் வருகிறான். மதுரை, கன்னியாகுமரி, கொச்சி, கோவை என்று ஒரு சுற்றுப் போக ஆசைப்படுகிறான். வெளிநாட்டவருக்கான இன்ட்ரெயில் பாஸ் வாங்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இன்ட்ரெயில் பாஸ் 2017-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, நம் ரயில்வேயில் அதிகம் பேர் அறியாத சுற்றுப்பயணச் சீட்டு ஒன்று இருக்கிறது. புறப்பட்ட இடத்திலேயே பயணம் முடிய வேண்டும். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கிக்கொள்ளலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரே நீண்ட பயணமாகக் கொண்டு கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விலை குறைவதால், துண்டு துண்டாக வாங்குவதைவிட இது மலிவு. உங்கள் தம்பி சொல்லும் சுற்று 1,700 கிலோமீட்டர் அளவில் வரும். 850 கிலோமீட்டர்ப் பயணங்கள் இரண்டுக்கு உரிய கட்டணம் ஆகும்.

ஆனால் இதை இணையத்தில் வாங்க முடியாது. வழித்தடத்தை எழுதிக் கோட்ட வணிகப் பிரிவில் கொடுத்துச் சீட்டுப் பெற்ற பிறகு, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியே முன்பதிவு செய்து, முன்பதிவுக் கட்டணத்தையும் அதிவிரைவுக் கட்டணத்தையும் தனியே செலுத்த வேண்டும். மே மாத நெரிசலில் ஒரு கட்டத்துக்கு இடம் கிடைக்காவிட்டாலும் சுற்று அறுந்துவிடும். பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சில வண்டிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. நமக்கு 60 நாளுக்கு முன் திறக்கும் முன்பதிவு அவர்களுக்கு 365 நாளுக்கு முன்பே திறக்கிறது. தம்பியைச் சிங்கப்பூரிலிருந்தே ஐஆர்சிடிசி கணக்கில் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்களும் உடன் போவதாக இருந்தால், உங்கள் சீட்டுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்பதால், 60-ஆம் நாள் காலையில் நீங்கள் தனியே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.